ஐந்தரை இலக்கத்தை நம்புவதற்கு முன்: பழைய எச்.பி. 3478ஏ வாங்கி, சரிபார்த்து, பயன்படுத்துவது

கடைசி இரண்டு இலக்கங்களை நம்பலாமா கூடாதா என்று தெரியாவிட்டால், ஐந்தரை இலக்க மல்டிமீட்டருக்கும் (வோல்ட், ஓம், ஆம்பியர் அளப்பது; ஐந்து முழு இலக்கம், முன்னால் பாதி மட்டும் போகும் இன்னொன்று) தெருமுனைக் கடை கை மீட்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திரையில் எண் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். பழைய ஆய்வக மீட்டர் வாங்க நினைக்கிறவர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை இலக்கம்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது: "உள்ளே இருக்கும் பேட்டரி எந்த வருஷத்தது?"

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பகலில் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ரேடியோ, பவர் சப்ளை என்று எதையாவது மேசையில் பிரித்துப் போட்டிருப்பேன். வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்கொள்ளாத புத்தி அளவீட்டுக்கும் வந்துவிட்டது. அந்தப் புத்தியோடு எச்.பி. 3478ஏ என்ற ஐந்தரை இலக்க மேசை மல்டிமீட்டரை எப்படி வாங்குவது, எப்படிச் சரிபார்ப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்று இங்கே எழுதுகிறேன். வேறு மாடல் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏன் இந்த மாடல்? ஹியூலெட்-பேக்கர்டு 1981-இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து லவ்லேண்ட் ஆலையின் சரக்கு. திரை 303099 வரை எண்ணும். டிசி வோல்ட்டில் மிகச் சிறிய ரேஞ்ச் 30 மில்லிவோல்ட். அதில் கடைசி இலக்கம் 100 நானோவோல்ட். நான்கு வயர் ஓம் அளவீடு உண்டு. அந்த நிறுவனத்தின் அளவுக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலென்ட் ஆகி, 2014-இல் கீசைட் ஆனது. சர்வீஸ் மேனுவல் சர்க்யூட் படத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு அது போதும். மேனுவல் இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பழைய கருவி விற்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்க வரியும் மீட்டர் விலையையே தாண்டக்கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். நேரில் பார்க்கப் போனால் பையில் இவை இருக்கட்டும்: உங்கள் கை மீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, தோல் சீவிய செம்புக் கம்பித் துண்டு, ஒரு சதவீத ரெசிஸ்டர்கள் 100 ஓம், 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் என்று சில.

"ஆன் ஆகுது சார், டிஸ்ப்ளே வருது சார்" என்பார் கடைக்காரர். டிஸ்ப்ளே வருவது ஆரம்பம்தான். பிளக்கில் செருகும் முன் வோல்டேஜ் செட்டிங்கைப் பாருங்கள். இந்த மீட்டருக்கு 100, 120, 220, 240 என நான்கு நிலை உண்டு. ஒவ்வொன்றும் மேலே 5 சதவீதம், கீழே 10 சதவீதம் வரை தாங்கும். 220-இல் வைத்தால் உச்ச எல்லை 231 வோல்ட். நம் வீட்டுக் கரண்ட் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். 240-இல் வைத்தால் 216 முதல் 252 வரை இடம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 120-இல் நிற்கும். அப்படியே செருகினால் ஃபியூஸ் போவதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம்.

ஆன் செய்ததும் திரையின் எல்லாத் துண்டுகளும் ஒருமுறை தெரிய வேண்டும். பிறகு "செல்ஃப் டெஸ்ட் ஓகே" என்று வரும். அடுத்து ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் தொடர்பு) முகவரி, பெரும்பாலும் 23. இதற்குப் பதில் "அன்கேலிபரேட்டட்" என்று வந்தால் உள்ளே இருந்த அளவுத் திருத்த (கேலிபரேஷன்) எண்கள் அழிந்துவிட்டன. அந்த மீட்டரை உதிரி பாகங்களுக்கான விலையில் வேண்டுமானால் கேளுங்கள். இந்தத் திரைக்குப் பின்னொளி கிடையாது. மங்கலாகத் தெரிந்தால் நேர் எதிரே குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றுமே அளக்கவில்லை என்றால் முன் முனைகளா பின் முனைகளா என்று தேர்வு செய்யும் ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். ஆலை ரேக்குகளில் இருந்தவை பின் முனைகளில் நின்றபடியே வந்திருக்கும். விற்பவருக்கே தெரியாமல் "டெட்" என்று ஒதுக்கி வைத்த மீட்டர்கள் இந்த ஒரே ஸ்விட்சில் உயிர் பெறும். அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது அவரவர் மனசாட்சி.

அடுத்து ஹை, லோ முனைகளைச் செம்புக் கம்பியால் இணையுங்கள். 30 மில்லிவோல்ட் ரேஞ்சில் சில மைக்ரோவோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. கம்பியை எடுத்துவிட்டால் எண் தானாக ஏறும், இறங்கும். பயப்பட வேண்டாம். 3 வோல்ட் வரையிலான ரேஞ்சுகளில் இதன் உள்தடை 10 ஜிகா ஓமுக்கு மேல். சும்மா விட்ட முனை காற்றில் இருப்பதை எல்லாம் பிடித்துக்கொள்ளும். 30, 300 வோல்ட் ரேஞ்சுகளில் உள்தடை 10 மெகா ஓம், அங்கே இந்த ஆட்டம் இருக்காது. பிறகு 9 வோல்ட் பேட்டரியையும் ரெசிஸ்டர்களையும் அளந்து கை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஆம்பியர் முனையில் உள்ள ஃபியூஸ் போயிருக்கிறதா என்று கை மீட்டரின் ஓம் நிலையில் பார்த்துவிடலாம். நீல நிற ஷிஃப்ட் பட்டன் உட்பட எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். முன்பக்கம் ஸ்க்ரூ டிரைவர் நுழையும் அளவில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதுதான் அளவுத் திருத்தத்தைத் திறக்கும் பூட்டு. இந்த மீட்டருக்குள் திருகிச் சரிசெய்யும் பிரீசெட் எதுவும் இல்லை, எல்லாத் திருத்தமும் எண்களாக மெமரியில் இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுத் தெரியாத்தனமாகப் பட்டன்களை அழுத்தினால் இருக்கும் நல்ல எண்ணின் மேல் கெட்ட எண் ஏறிவிடும்.

பேட்டரி

இந்த வேலையில் இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருத்த எண்கள் 256 இடம் கொண்ட ஒரு சின்ன சிமாஸ் ரேமில் (கரண்ட் அறுந்தால் எல்லாம் மறந்துவிடும் மெமரி சிப்) இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் நான்கு பிட். மீட்டர் ஓடும்போது அதற்கு 5 வோல்ட் லைனிலிருந்து சப்ளை. அணைத்த பிறகு, போர்டில் சால்டர் செய்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி அதைக் காப்பாற்றுகிறது. 1980-களில் போட்ட பேட்டரி இன்றும் உயிரோடு இருந்தால் அது அந்த பேட்டரியின் பெருந்தன்மை. அது சாகிற நாளில் மீட்டர் ஊமையாகாது. அந்த "அன்கேலிபரேட்டட்" அறிவிப்போடு ஆன் ஆகும், ஆனால் எந்த எண்ணுக்கும் ஆதாரம் இருக்காது. மறுபடி ஆய்வகத்தில் முழுத் திருத்தம் செய்ய ஆகும் செலவில் இன்னொரு மீட்டர் வாங்கலாம்.

ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, இருக்கும் எண்களைப் பிரதி எடுப்பது. அதற்குப் பின்பக்க ஜிபிஐபி சாக்கெட் வேண்டும். தொழிற்சாலைக்கான ஜிபிஐபி-யூஎஸ்பி அடாப்டர் விலை அதிகம். ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டை வைத்து ஏஆர்488 என்ற திறந்த மூல நிரலால் அதே வேலையைச் செய்துகொள்ளலாம். 24 பின் கனெக்டர் ஒன்றைத் தேடி வாங்கி வயர் போடுவதுதான் கஷ்டம்.

"டபிள்யூ" என்ற எழுத்தையும் அதன் பின்னால் ஓர் ஒற்றை பைட் முகவரியையும் அனுப்பினால், ரேமில் அந்த இடத்தில் உள்ளதை மீட்டர் ஓர் எழுத்தாகத் திருப்பித் தரும். அதன் ஆஸ்கி மதிப்பில் (கணினியில் அந்த எழுத்துக்கான எண்) 64-ஐக் கழித்தால் 0 முதல் 15 வரையிலான எண் கிடைக்கும். 0 முதல் 255 வரை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு கோப்பில் சேமியுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 10, 13, 27, 43 ஆகிய நான்கு பைட்டுகளையும் ஏஆர்488 தனக்கான கட்டளைக் குறி என்று எடுத்துக்கொள்ளும். அந்த நான்குக்கும் முன்னால் எஸ்கேப் பைட்டை, அதாவது 27-ஐ, சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த முகவரிகளில் தவறான எண் வந்து உட்காரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எடுத்த பிரதி சரிதானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. தணிக்கைக்காரனுக்கு மனம் குளிரும் இடம் இது. முதல் இடத்தை விட்டுவிடுங்கள்; அது பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்க்க மீட்டரே பயன்படுத்துவது. அதற்குப் பிறகு 13 இடங்கள் கொண்ட 19 பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் முதல் 11 எண்களைக் கூட்டி, கடைசி இரண்டும் சேர்ந்து காட்டும் சரிபார்ப்பு எண்ணையும் (முதலாவதை 16-ஆல் பெருக்கி இரண்டாவதைச் சேர்த்தது) கூட்டினால் 255 வர வேண்டும். சில பதிவுகள் எந்த ரேஞ்சுக்கும் பயன்படாதவை, அவை மட்டும் டேலி ஆகாமல் போகலாம். மற்றவை பைசா சுத்தமாக நிற்க வேண்டும். கோப்பை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். காகிதத்தில் அச்சடித்து மீட்டரின் மூடிக்குள் ஒட்டியும் வைத்திருக்கிறேன். அடுத்து வாங்குகிறவர் என்னை வாழ்த்தட்டும்.

இனி பேட்டரியை மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டு, மூடியைத் திறங்கள். கடையில் வாங்கும்போது 3 வோல்ட் லித்தியம், சால்டர் காதுகள் வைத்தது என்று கேளுங்கள். அல்லது ஒரு சிஆர்2032 (நாணய வடிவ லித்தியம் செல்) ஹோல்டரை வயரோடு வெளியே இழுத்து வைக்கலாம். ரேம் குடிப்பது மிகச் சொற்பம், அது போதும். காது இல்லாத செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைக்கக் கூடாது. உள்ளே கெட்டுவிடும், வெடிக்கவும் செய்யலாம்.

பழையதைக் கழற்றும்போது ரேமுக்குச் சப்ளை அறுந்துவிடக் கூடாது. புது ஏஏ செல் இரண்டை வரிசையாக வைத்து, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பழைய பேட்டரியின் இரு முனைகளுக்கும் இணையாக, போர்டின் அடிப்பக்கத்தில், தற்காலிகமாகச் சால்டர் செய்யுங்கள். அந்த ரெசிஸ்டர் எதற்கு என்று எதிர்வீட்டு டிவி மெக்கானிக் அண்ணன் கேட்டார். ஏஏ செல்கள் 3.2 வோல்ட், பழைய லித்தியம் 2.8 வோல்ட் என்றால், நேராக இணைத்தால் கரண்ட் பழைய செல்லுக்குள் பாயும்; அது சார்ஜ் செய்யக் கூடாத வகை. ரெசிஸ்டர் இருந்தால் பாய்வது 0.4 மில்லியாம்பியர்தான். ரேமின் சொற்பக் கரண்டுக்கு 1 கிலோ ஓம் ஒரு பொருட்டே இல்லை. "அப்போ நேரா வச்சு வேகமா முடிச்சிட்டா?" என்றார். வேகமாக முடிப்பேன் என்று நினைத்த எந்தச் சால்டர் வேலையும் எனக்கு வேகமாக முடிந்ததில்லை என்பதால் ரெசிஸ்டர்.

அயர்ன் நன்றாகச் சூடானதும் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். கசிவுக் கரண்ட் ரேமைத் தொடாது. சூடு போதாவிட்டால் மறுபடி சூடாக்கலாம், அவசரம் இல்லை. புதியதை வைத்து, துருவம் சரிபார்த்து, வோல்ட் அளந்து, பிறகு தற்காலிக செல்களைக் கழற்றுங்கள். ஆன் செய்து மறுபடி முழுப் பிரதி எடுத்து முதல் கோப்போடு ஒப்பிடுங்கள். எங்காவது மாறியிருந்தால் "எக்ஸ்" கட்டளையால் திருப்பி எழுதலாம். பூட்டைத் திறக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் அது.

மூடி திறந்திருக்கும்போதே அதிர்வெண் செட்டிங்கும் சரிதானா பாருங்கள். பின்பக்கச் சின்ன ஸ்விட்சுகளில் ஒன்று 50, 60 ஹெர்ட்ஸ் தேர்வு. மீட்டர் ஓர் அளவை எடுக்கும்போது மெயின்ஸ் அலையின் முழுச் சுழற்சிகளாகப் பார்த்துச் சராசரி எடுக்கிறது; அலையின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 60-இல் நின்றால் 16.67 மில்லி செகண்டை முழுச் சுழற்சி என்று நினைக்கும். நம் ஊரில் அது 20 மில்லி செகண்ட். மிச்சம் அப்படியே கடைசி இலக்கங்களில் ஆட்டமாகத் தெரியும். "மீட்டர் நாய்ஸ் அதிகம்" என்று விற்கப்படுவதில் சில இந்த ஸ்விட்சுதான்.

அளக்கும் கை

ஆன் செய்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத்தான் ஐந்தாம் இலக்கத்தைப் பார்ப்பேன். அதற்குள் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுவேன், சென்னை மே மாதத்தில் இது தியாகம். காரணம் இருக்கிறது. செம்பும் நிக்கலும் தொடும் இடத்தில் ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோவோல்ட் பிறக்கும். 30 மில்லிவோல்ட் ரேஞ்சில் ஓர் எண்ணிக்கை, அதாவது கடைசி இலக்கத்தின் ஒரு படி, 0.1 மைக்ரோவோல்ட். அப்படியானால் நிக்கல் பூச்சுப் போட்ட மலிவு பனானா பிளக்கை விரலால் ஐந்து விநாடி பிடித்தாலே நூறு எண்ணிக்கைக்கு மேல் ஓடும். செய்து பாருங்கள், அதைவிட நல்ல பாடம் கிடையாது. சிறிய வோல்ட்டுக்கு வெறும் செம்புக் கம்பியை முனையில் நேராகச் சுற்றி இறுக்கி, கை சூடு ஆறும் வரை விடுங்கள். ஃபேன் காற்று ஒரு முனையை மட்டும் குளிர்விப்பதும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு பக்கம் நம் கடலோர ஈரம். 30 மெகா ஓம் ரேஞ்சில் எண் குறைவாக வந்து, மழை நாளில் இன்னும் குறைந்தால், முனைகளுக்கு இடையே இருக்கும் பிளாஸ்டிக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பல வருஷத்துக் கை அழுக்கு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ரெசிஸ்டர் மாதிரியே நடந்துகொள்ளும்.

நான்கு வயர் ஓம்தான் எனக்கு இந்த மீட்டரை வாங்கிய காசுக்குப் பலன் தந்தது. இரண்டு வயரில் அளந்தால் வயரின் தடையும் முனைத் தொடுதலும் சேர்ந்து வரும். நான்கு வயரில் இரண்டு கரண்ட் கொண்டுபோகும், மற்ற இரண்டு வோல்ட்டை மட்டும் பார்க்கும். பார்க்கும் வயரில் கரண்ட் ஏறத்தாழ இல்லாததால் அதன் தடை கணக்கில் வராது. 30 ஓம் ரேஞ்சில் மீட்டர் 1 மில்லியாம்பியர் விடுகிறது. 100 நானோவோல்ட்டை 1 மில்லியாம்பியரால் வகுத்தால் 0.0001 ஓம், அதுதான் கடைசி இலக்கம்.

இதை வைத்து ஷார்ட் ஆன போர்டைத் தேடலாம். ஒரு சப்ளை லைனில் இருபது செராமிக் கெபாசிட்டர்கள் இணையாக இருக்கின்றன, ஒன்று ஷார்ட். கை மீட்டர் எல்லா இடத்திலும் "பீப்" என்று ஒரே பாட்டைப் பாடும். சாதாரண போர்டின் செம்பு 35 மைக்ரான் தடிமன்; அதில் ஒரு சதுரத்துக்குத் தடை சுமார் 0.5 மில்லி ஓம், சதுரம் பெரிதோ சிறிதோ. 1 மில்லிமீட்டர் அகலத் தடத்தில் 1 சென்டிமீட்டர் நடந்தால் பத்து சதுரம், 5 மில்லி ஓம், இந்தத் திரையில் ஐம்பது எண்ணிக்கை. ஒவ்வொரு கெபாசிட்டரின் இரு முனைகளிலும் வைத்துக்கொண்டே போங்கள். எண் குறையக் குறையக் குற்றவாளி பக்கத்தில். அதைத் தாண்டிப் போனால் மறுபடி ஏறும். ஒவ்வொரு முனையிலும் கரண்ட் ஊசியும் வோல்ட் ஊசியும் பாகத்தைத் தனித்தனியாகத் தொட வேண்டும், ஊசிகள் தங்களுக்குள் மட்டும் தொட்டுக்கொண்டால் மறுபடி இரண்டு வயர்தான். வேலையை ஆரம்பிக்கும் முன் நான்கு ஊசியையும் ஒரே செம்புத் துண்டில் வைத்துப் பூஜ்யத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் பிறக்கும் 1 மைக்ரோவோல்ட் இங்கே 1 மில்லி ஓமாக வேஷம் போடும். போர்டின் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்கள் காலியான பிறகுதான் இதெல்லாம்.

வீட்டு மெயின்ஸை இதில் அளக்காதீர்கள். 300 வோல்ட் ரேஞ்ச் இருக்கிறதே என்று தோன்றும். 230 வோல்ட் என்று சொல்லும் ஏசி-யின் உச்சி 325 வோல்ட், அதற்கு மேல் மின்னல், மோட்டார் அணையும்போது எழும் துள்ளல் எல்லாம் உண்டு. இன்றைய கை மீட்டர்களில் போட்டிருக்கும் கேட் வகைப் பாதுகாப்பு முத்திரை வருவதற்கு முன்னால் செய்த கருவி இது. சுவிட்ச்போர்டுக்கு கேட் 3 முத்திரையுள்ள நல்ல கை மீட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும்.

யாரிடம் ஒப்பிடுவது?

தன் எண்ணைத் தானே சாட்சி சொல்லும் மீட்டர் சாட்சி ஆகாது. ஏடி584 ஐசி வைத்த சிறிய ரெஃபரன்ஸ் (மாறாத வோல்ட் தரும்) போர்டுகள் எளிதில் கிடைக்கின்றன, 2.5, 5, 7.5, 10 வோல்ட் தரும். கூடவே ஒரு சீட்டில் அளந்த மதிப்பு எழுதி வரும். அந்தச் சீட்டை நம்பி மீட்டரைத் திருத்தப் போகாதீர்கள்; எந்த மீட்டரால் அளந்தார்கள் என்பதற்கு வவுச்சர் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் வித்தியாசம் பார்க்க அது உதவும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் எல்எம்399 வைத்து நீங்களே ஒன்று கட்டுங்கள். சுமார் 7 வோல்ட்டைப் பிடித்து வைக்கும் ஜீனர் டயோடு, உள்ளேயே ஹீட்டர் வைத்துத் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளும். அறை வெப்பம் மாறினாலும் டிகிரிக்கு ஒன்றிரண்டு பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு) நிற்கும். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அறை வெப்பத்தோடு நோட்டில் எழுதுங்கள். இரண்டு ரெஃபரன்சும் ஒரே திசையில் நகர்ந்தால் சந்தேகம் மீட்டர் மேல். ஒன்று மட்டும் நகர்ந்தால் அந்த ரெஃபரன்ஸ் மேல்.

முழு உறுதி வேண்டும் என்றால் என்ஏபிஎல் (இந்தியாவில் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற அளவுத் திருத்த ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பலாம். கேட்கும்போது இரண்டு விஷயத்தை எழுத்தில் கொடுங்கள்: வந்த நிலையிலேயே அளந்த எண்கள் எல்லா ரேஞ்சுக்கும் அறிக்கையில் வேண்டும், என்னிடம் கேட்காமல் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டாம். பழைய மீட்டர் இத்தனை வருஷத்தில் எவ்வளவு நகர்ந்தது என்ற தகவல் திருத்தத்தைவிட மதிப்புள்ளது. திருத்திவிட்டால் அது போய்விடும். எடுத்துப் போகும்போது மெமரிப் பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் மறுபடி ஒரு பிரதி எடுத்து ஒப்பிடுங்கள்.